சைக்கிள் வாங்கப் போன இடத்தில் அவிழ்ந்த முடிச்சு

நான் நியூசிலாந்து போனது ஊர் பார்க்க அல்ல. என் மகள் மலர்க்கொடி மலையில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள்… இல்லை, மோட்டார் வைத்த மிதிசைக்கிள் ஒன்று வாங்கப் போகிறாள் என்று தெரிந்தது. அதை வாங்கவிடாமல் நிறுத்தத்தான் போனேன். அவளிடம் அப்படிச் சொல்லவில்லை.

"சம்பா அறுப்பு முடிஞ்சிருச்சு. வயல்ல உளுந்து கிடக்கு, அதுபாட்டுக்கு வளரும். ஒரு மாசம் வந்து உன்னோட இருக்கேன்" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். "வாம்மா. கடைக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன். நீயும் பார்த்து ஒண்ணைச் சொல்லு" என்றாள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. குடவாசலுக்குப் பக்கத்தில் ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர், என் பேரில் இருக்கிறது. கூலிக்கு நட்ட வயலையே பிறகு நானும் என் வீட்டுக்காரரும் வாங்கினோம். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். ஆனாலும் நான் பார்த்ததை நான்தான் எழுதுவேன், மெதுவாக.

மலர் விவசாயப் படிப்பு படித்தவள். அந்த நாட்டில் பால்பண்ணைகளுக்கு மண் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறாள். லீவு நாளில் மலைக்காட்டில் சைக்கிள் ஓட்டுவாள். நாம் மன்னார்குடிக் கடைத்தெருவில் பார்க்கிற சைக்கிள் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. உச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதையில், வேர், பாறை, பள்ளம் எல்லாவற்றின் மேலும் தாவித் தாவி இறங்குவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி இறங்கும்போது ஓர் ஓடைப் பள்ளத்தில் விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்தது. சைக்கிள் அவள் மேலேயே கிடக்க, மூன்று மணி நேரம் ஆள் அரவம் இல்லாமல் கிடந்திருக்கிறாள்.

சேதி வந்த அன்று எங்கள் ஊர்ப் பிடாரியம்மன் முன்னால் போய் நின்றேன். ஒரு ரூபாய்க் காசையும் எங்கள் வயலில் விளைந்த நெல்லில் ஒரு பிடியையும் மஞ்சள் துணியில் முடிந்தேன். "என் பொண்ணுக்குக் கால் கூடணும் தாயே. கூடிட்டா அவ இனிமே சைக்கிளைத் தொட மாட்டா. இது என் வாக்கு" என்றேன்.

கால் கூடிவிட்டது. உடனே முடிச்சைக் கோயிலில் செலுத்தியிருக்க வேண்டும். மலர் வாயால் "இனி தொட மாட்டேன்" என்று கேட்ட பிறகு செலுத்தலாம் என்று சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இப்போது அவள் மறுபடி வண்டி வாங்கக் கிளம்பிவிட்டாள். முடிச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நேரில் காட்டினால் நிறுத்திவிடுவாள் என்று எண்ணம்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் எல்லோரையும் பையைத் திறக்கச் சொல்கிறார்கள். செடி, விதை, மண் ஒன்றும் உள்ளே போகக் கூடாதாம். செருப்பின் அடியைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள். என் செருப்பில் வண்டல் ஒட்டியிருந்தது. ஒரு பெண் அதை வாங்கிக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். என் செருப்பை இன்னொருவர் கழுவி வைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு ஓர் அதிகாரி என் பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார். ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. போனில் யாரையோ பிடித்து என் கையில் கொடுத்தார். மறுமுனையில், மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்.

"வணக்கம் அம்மா. உங்கட பையில ஒரு மஞ்சள் முடிச்சு கிடக்காம். உதுக்குள்ள என்ன?"

"வேண்டுதல் காசுங்க."

"நேர்த்தி எண்டு விளங்குது. ஆனா மெஷின் படத்தில மணிமணியாத் தெரியுதாம். நெல்லோ?"

"நெல்லுதான்."

"உமியோடயோ?"

"உமியோடதான். எங்க வயலு நெல்லு."

"அம்மா, முளைக்கிற விதை ஒண்டும் இவையள் உள்ள விட மாட்டினம்."

"முடிச்சை அவுக்கக் கூடாதுங்க. நேர்ந்துக்கிட்டது. கோயில்லதான் அவுக்கணும்."

"எனக்கு விளங்குது அம்மா. அவருக்கு விளங்காது."

அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். நெல்லை ஒரு பிளாஸ்டிக் உறையில் கொட்டினார். துணி மடிப்பில் மாட்டிக்கொண்ட நாலைந்து மணிகளைச் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். அவசரப்படவில்லை. வெறும் துணியை நாலாக மடித்து, காசை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் மேல் கோபப்பட எனக்கு வழி இல்லை. ஆனால் இரண்டு வருடம் காத்த முடிச்சு அது.

வெளியே மலர் நின்றாள். "ஏம்மா இவ்வளவு நேரம்?"

"ஊறுகாயைப் பார்த்தாங்க" என்றேன்.

அவள் இருக்கிற ஊரில் தரைக்குள்ளிருந்து ஆவி வருகிறது. சாலையோரத்தில், பூங்காவில், ஒரு வீட்டின் கொல்லையில்கூட. ஊர் முழுக்கக் கந்தக வாசம். சுற்றிலும் ஊசியிலைக் காடு. எங்கள் பக்கத்தில் பூமி தட்டு மாதிரி சமமாக இருக்கும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கோபுரமும் பனைமரமும்தான் உயரம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மறிக்கிறது. இதில் ஏறி இறங்கத்தான் இந்தப் பெண் ஆசைப்படுகிறாள் என்று பார்த்துக்கொண்டேன். அவள் வீட்டு வாசலில் மூன்று படி. ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இடது கால் வலது காலைவிட மெலிந்திருந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போனோம். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆண்பிள்ளை மாதிரி முடி வெட்டி, நகக்கண்ணெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். மலர் ஏற்கெனவே ஏழெட்டைப் பார்த்து இரண்டில் வந்து நின்றிருந்தாள். இரண்டிலும் மோட்டார், மிதிகட்டைக்கு நடுவில் இருந்தது. சட்டத்தின் கீழ்க்குழாய்க்குள் பேட்டரி. முன்னும் பின்னும் ஒரு சாண் அளவுக்கு அமுங்கி எழும்புகிற காற்றுக் குழாய். இறங்கும்போது கட்டை விரலால் ஒரு பித்தானை அழுத்தினால் உட்காரும் இடம் கீழே போய்விடும்.

"மோட்டார் இருக்கு, அப்புறம் எதுக்கு மிதிக்கணும்?" என்றேன்.

"மிதிச்சாதாம்மா மோட்டார் ஓடும். நான் நிறுத்தினா அதுவும் நிறுத்திடும். ஏறுறதுக்கு மட்டும்தான் அது. இறங்குறது என் பாடு."

"வித்தியாசம் என்ன ரெண்டுக்கும்?"

"இதுல மோட்டாருக்குப் பலம் ஜாஸ்தி. என் இடது கால் சும்மா இருந்தாலும் மேல கொண்டுபோய் விட்டுடும். பெரிய பேட்டரி, நாள் பூரா ஓடும். ஆனா கனம், இருபத்தஞ்சு கிலோ. அது லேசு, பத்தொன்பதுதான். மோட்டார் சின்னது. பாதிப் பாரத்தை நான்தான் இழுக்கணும்."

இருபத்தைந்து கிலோ என்றால் ஒரு சிப்பம் அரிசி. மற்றது, சிப்பத்தைப் பிரித்துப் பத்து நாள் சமைத்த பிறகு இருக்கிற கனம். எனக்கு அப்படித்தான் புரியும்.

கடைக்காரம்மா மலரைத் தலைக்கவசம், முட்டிக் காப்பு, முதுகுப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு மிதிகட்டை மேல் எழுந்து நிற்கச் சொன்னாள். காற்றுக் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஆள் நின்றதும் அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, சின்னப் பம்பால் காற்றை அடிப்பதும் குறைப்பதுமாக இருந்தாள். ரொம்ப அமுங்கினாலும் தப்பு, அமுங்காவிட்டாலும் தப்பு என்றாள். நாங்கள் நடவுக்கு முன்னால் சேற்றில் காலை வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். அதே பார்வை. வேலை தெரிந்தவள் என்று மனசில் பட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வந்த காரியம் வேறு.

இரண்டு வண்டியையும் ஒவ்வொரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தாள். கனமானதை முதலில் எடுத்துக்கொண்டோம். காரின் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி. அதில் வண்டியைக் கட்டிக்கொண்டு மூன்றாம் நாள் புறப்பட்டோம். பாதி வழியில் பின்னால் கரகரவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் தாங்கி தொங்கிப்போய் வண்டியின் சக்கரம் தார்ச்சாலையில் இழுபட்டுக்கொண்டு வருகிறது.

"சாதா சைக்கிளுக்கு வாங்குன தாங்கி. இந்தக் கனத்தை அது தாங்காதுன்னு யோசிக்கலை" என்று மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சைக்கிளைச் சுமக்கவே வேற வண்டி வேணும்போல இருக்கே" என்றேன்.

சாலையில் ஒருவரும் இல்லை. புல்வெளி, ஆடு, மறுபடி புல்வெளி. எங்கள் ஊரில் வைக்கோல் வண்டி சாய்ந்தால் எங்கிருந்தோ பத்துப் பேர் வந்து பதினோரு யோசனை சொல்வார்கள். அங்கே அரை மணி நேரம் கழித்து ஒரு கிழவர், இரண்டு நாய்களோடு, பின்பக்கம் திறந்த வண்டியில் வந்தார். நாய்கள் இறங்கவில்லை, அவர் மட்டும் இறங்கினார். மலர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். மலர் சிரித்தாள்.

"என்னடி சொல்றார்?"

"'முன்னெல்லாம் இந்த மலையில ஆடு மேய்க்க ஆளுக்குக் கூலி கொடுத்தோம். இப்ப ஏறி இறங்க நீங்க காசு கொடுக்கறீங்க'ங்கறார்."

வண்டியை அவர் வண்டியில் ஏற்றினோம். அவர் முன் சக்கரத்தைப் பிடித்தார், மலர் நடுவில். பின்பக்கம் நான் கை கொடுத்தேன். "நீ விடும்மா" என்றாள். நான் விடவில்லை. அப்போதுதான் அந்தக் கனம் என் கைக்குத் தெரிந்தது. சிப்பத்தைத் தூக்கினால் அது உடம்போடு படியும். இது படியாமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, கையை மீறிப் போகிறது.

அந்தச் சாய்வு எனக்கு முன்பே தெரியும். மலருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, என் வீட்டுக்காரர் பவர் டில்லரை ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வரப்பேற்றினார். அது முன்பக்கம் தூக்கி மல்லாந்தது. அவர் அடியில், சேற்றுக்குள். நானும் நடவுக்கு வந்த நாலு பெண்களும் ஓடிப்போய்த் தூக்கினோம். ஒரு சாண் எழும்பும், மறுபடி வழுக்கும். முகம் சேற்றில் இருந்தது. ஆட்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை நான் யாரிடமும் உட்கார்ந்து பேசியதில்லை. மலர் காரில் பின்னால் வர, அந்தக் கிழவருக்குப் பக்கத்தில் இருந்த சீட்டில் நாய் வாசத்தோடு போகும்போது அதுதான் கண் முன்னால் நின்றது.

அன்று வண்டி கடைக்கே திரும்பிப் போயிற்று. நாலாம் நாள்தான் மலைக்குப் போனோம். இரண்டு வண்டியையும் கடைக்காரம்மாவே தன் வேனில் கொண்டுவந்து விட்டாள். மலையடிவாரத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பூமிச்சூட்டில் வேகவைத்த கிழங்கும் ஆட்டுக்கறியும் விற்றார்கள். கிழங்கு நம் சர்க்கரைவள்ளிதான். அந்த மண்ணின் பழைய குடிகள் அதைக் குமரா என்கிறார்கள். உப்பு குறைவு. பசி, சாப்பிட்டேன்.

மலர் முதலில் கனமானதில் ஏறிப் போனாள். அவளோடு கிளம்பியவர்கள் எல்லாம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கி வந்தார்கள். சேறு அப்பிய முகம், பல்லெல்லாம் சிரிப்பு. நடவு முடித்துக் கரையேறுகிற பெண்கள் மாதிரி ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்தார்கள். என் மகளைக் காணோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சுருக்குப்பைக்குள் கையை விட்டு அந்த வெறும் துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள். "கால் வலிக்கவே இல்லம்மா. தூக்கிக்கிட்டுப் போய் விட்டுடுச்சு" என்றாள். முதுகெல்லாம் இலைச்சருகு. ஏன் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு லேசானதில் ஏறிப் போனாள். மறுபடி அதே நேரம் ஆயிற்று. இந்தத் தடவை வேர்த்து ஊற்றியது. இடது தொடை துடித்துக்கொண்டிருந்தது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. வயலை முழுக்கத் தானே நட்டுவிட்டு நிமிர்ந்தவள் முகம்.

இனி பொறுத்தால் வாங்கிவிடுவாள். துணியை எடுத்து மேசை மேல் வைத்தேன். காசையும் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதல், வாக்கு, விமான நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டது, எல்லாம்.

அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என் காலை நீ யார் பேருக்கு எழுதிக் கொடுத்தே?" என்றாள்.

"சாமிக்குத்தானே சொன்னேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேக்கற நெலையிலயா இருந்தே?"

"நெனவு இருந்துச்சும்மா எனக்கு. மூணு மணி நேரமும் நெனவு இருந்துச்சு."

பக்கத்து மேசையில் யாரோ விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். நான் யாரிடமும் தப்பு என்று ஒப்புக்கொண்டு பழக்கமில்லாதவள். நிலத்தகராறில் தாலுகா ஆபீஸ் வரைக்கும் தனியாகப் போய் நின்று ஜெயித்தவள். ஆனால் அன்று உட்கார்ந்து யோசித்தேன். என் நிலத்தை என்னைக் கேட்காமல் என் அண்ணன் யாரோ ஒருத்தருக்குக் குத்தகைக்குப் பேசிவிட்டு வந்தான், ஒரு தடவை. நல்லதுக்குத்தான் பேசினேன் என்றான். அவனோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தேன்.

சாயங்காலம் வந்தாள். நான் புளிக்குழம்பு வைத்திருந்தேன். போட்டுச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குக் கடைக்குப் போறேன். நீ வர வேணாம்."

"வர்றேன்" என்றேன்.

கடையில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் மலரிடம் சொன்னேன்: "ஒண்ணே ஒண்ணு கேளு அவங்கள. இது ஆள் மேல விழுந்தா, ஒத்தையாளா வெளிய வர முடியுமா?"

மலர் கடைக்காரம்மா பக்கம் திரும்பவே இல்லை. "அதை அவங்களைக் கேக்க வேணாம். நான் பார்த்துட்டேன்."

"எப்போ?"

"அன்னைக்கு மலை மேல. காட்டுக்குள்ள போய், ரெண்டையும் ஒண்ணொண்ணா என் மேல சாச்சுக்கிட்டுப் படுத்துப் பார்த்தேன். இடது கால் அடியில வர்ற மாதிரி. நீ கீழ கிழங்கு தின்னுக்கிட்டு இருந்தே."

அந்த இலைச்சருகு நினைவுக்கு வந்தது.

"மூணு மணி நேரம் கிடந்தவம்மா நான். வேற எதைப் பார்த்து வாங்குவேன்னு நெனச்சே?"

நான் மட்டும்தான் அந்தப் பயத்தைச் சுமக்கிறேன் என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன்.

"என்னம்மா பண்றே? எழுந்திரு."

"கனமானதை எடுத்து என் கால் மேல சாய்."

கடைக்காரம்மா பதறிப்போய் ஏதோ சொன்னாள். மலர் அவளிடம் நாலு வார்த்தை சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கடைக்காரம்மா போய் ஒரு பஞ்சுமெத்தைப் பாயைக் கொண்டுவந்து என் அடியில் போட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு பேருமாக வண்டியை மெல்ல என் இடது கால் மேல் படுக்க வைத்தார்கள்.

தூக்கிப் பார்த்தேன். ஒரு சாண் எழும்பியது. மறுபடி இறங்கியது. இரண்டாம் தடவையும் அப்படியே. கூரையில் தொங்கிய சக்கரங்கள் சுற்றுகிற மாதிரி இருந்தது. டில்லருக்கு அடியில் அவர் இருந்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மலர் என் தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "தூக்காதேம்மா. தூக்கினா வராது. கைப்பிடியைப் பிடி. உன் பக்கமாத் திருப்பு. முன்சக்கரம் தரையில ஊனும். இப்ப வலது காலால நடுவுல உதை."

திருப்பினேன். உதைத்தேன். மெதுவாக, ஓரமாக, அந்தக் கனம் வழிந்து போயிற்று. கால் வெளியே வந்தது.

"நாங்க எல்லாரும் தூக்கத்தான் பார்த்தோம்டி" என்றேன். "அஞ்சு பேரும் தூக்கினோம். ஒருத்திக்கும் திருப்பத் தோணலை."

அவளுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேறம்மா. அது எத்தனை நூறு கிலோ. திருப்பியும் வந்திருக்காது."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது.

லேசானதையும் சாய்க்கச் சொன்னேன். அதற்குத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. காலால் ஒரு தள்ளு, போயிற்று. கடைக்காரம்மா கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், இப்படி ஒருவரும் வண்டி பார்த்ததில்லை என்றாளாம்.

மலர் லேசானதைத்தான் எடுத்தாள். "கனமானதும் திருப்பினா வருது. ஆனா இங்க சமதரை. ஓடைச் சரிவுல திருப்ப இடம் இருக்காது" என்றாள். பிறகு சொன்னாள்: "இதுல ஏறினா என் காலும் வேலை செய்யணும். பேட்டரி ரெண்டு தடவை ஏறத்தான் வரும். ரெண்டு போதும் எனக்கு."

"பிரேக்கு?" என்றேன்.

"அது இதுலயும் பெருசுதான் போட்டிருக்கு."

"அப்ப எடு" என்றேன். தடுக்கப் போனவள் சொன்னது இதுதான்.

நான் திரும்புகிற அன்று அந்த மஞ்சள் துணியை அவள் என் கையில் கொடுத்தாள். துவைத்து, இஸ்திரி போட்டிருந்தாள். "சாமிகிட்ட நான் சொன்னதாச் சொல்லு. நான் விழ மாட்டேன்னு சொல்லாதே. அது பொய். விழுந்தா எழுந்து வருவேன்னு சொல்லு. இது என் வாக்கு, நானே கொடுக்கறது."

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் கோயிலுக்குப் போனேன். பூசாரி வைத்தியலிங்கம் என்னைவிடப் பத்து வயது இளையவர். துணியை விரித்துப் பார்த்தார்.

"என்னக்கா, முடிச்சு அவுந்திருக்கு? நெல்லு எங்க?"

"அந்த ஊரு அதிகாரி எடுத்துக்கிட்டான். முளைச்சிடுமாம்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப ஆத்தாளே ஆள வச்சு அவுத்துட்டா. வாக்கு போச்சு, உனக்கும் பாரம் போச்சு. காச உண்டியல்ல போட்டுட்டுப் போ."

"அப்படிச் சொல்லி என்னைத் தப்பவிடாதே வைத்தி. கொடுத்தது என் வாய். என் பொருள் இல்லாததைக் கொடுத்தேன். அதுக்குப் பதிலு என் பொருளா ஒண்ணு கொடுக்கணும்."

என் பொருள் என்று பார்த்தால், இந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல் எனக்கு. வெள்ளிக்கிழமை தோறும் சீயக்காய் தேய்த்து, வாசலில் நின்று உலர்த்துவேன். தெருவே பார்க்கும், பார்க்க வேண்டும் என்றுதான் வாசலில் நிற்பேன். அதைக் கொடுத்தேன். மழித்து முடித்ததும் வேப்பமரக் காற்று தலையில் பட்டது. மலர் சொல்லச் சொன்னதை அம்மனிடம் அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். ஒரு வார்த்தையும் நானாகச் சேர்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலையில் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. படத்தோடு பேசுகிற அழைப்பு. மலர் தலைக்கவசத்தோடு மலை உச்சியில் நின்றாள். அங்கே மத்தியானம்.

"முதல் தடவை ஏறிட்டேம்மா. கால் நடுங்குது, ஆனா ஏறிட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானை நழுவியிருந்தது. "அம்மா, முடி எங்கே?"

"கொடுக்க வேண்டிய எடத்துல கொடுத்தாச்சு."

"வெயில்ல நிக்காதே. தலையில துணி போடு."

"நீ தலையில மாட்டியிருக்கியா, வாரை இழுத்துப் பூட்டியிருக்கியா, அதைப் பாரு. கீழ போயிட்டுக் கூப்பிடு."

இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது என்று எனக்குத் தெரியும். வரப்பில் உட்கார்ந்தேன். பக்கத்து நிரையில் பிடுங்கிக்கொண்டிருந்த ராணி, "என்னக்கா, ஒடம்புக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இருபது நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கொக்குகள் வந்து பிடுங்கிய இடத்தில் மேய்ந்தன. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து அடித்தது.

முகமெல்லாம் மண். கன்னத்தில் ஒரு சிராய்ப்பு.

"விழுந்துட்டேம்மா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வண்டி மேலயா?"

"மேலதான். தள்ளிட்டு எழுந்து வந்துட்டேன்."

"சரி" என்றேன். "முகத்தைக் கழுவு. சாப்பிடு."

போனை மடியில் செருகிக்கொண்டேன். தலையில் கை வைத்துப் பார்த்தேன். அறுத்த நெல்தாள் மாதிரி முடி குத்தியது. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, விட்ட நிரையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தேன்.